பழைய அரச திருமணப் படத்துக்குக் கண்ணாடி போடுவது: முழுமையான வழிகாட்டி

நூற்றைம்பது ஆண்டு தாங்கிய அச்சுப் படம் ஒன்று, கண்ணாடி போட்ட ஐந்தாறு ஆண்டுகளிலேயே பழுத்து நொறுங்கிப் போவது உண்டு. காரணம் அநேகமாகப் பிரேமுக்குள்ளேயே இருக்கும். முதுகில் ஹார்ட்போர்டு, அதில் தடவிய பெவிகால், முகத்தில் நேராக அழுந்தி நிற்கும் கண்ணாடி என்று, காப்பாற்றுவதற்காகப் போட்டவையே படத்தைத் தின்றுவிடுகின்றன. எனவே இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் அடிப்படை விதி ஒன்றுதான்: நாளைக்கு இன்னொருவர் பிரிக்கும்போது, படத்துக்கு ஒரு கீறலும் இல்லாமல் எல்லாம் கழன்று வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளும் படம், டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ரா திருமணத்துக்காக இங்கிலாந்து வந்து இறங்கிய காட்சி. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே பழைய படங்கள் விற்கும் கடைகளிலோ இணையத்திலோ இந்த வகை விக்டோரியா காலத்துப் படங்களை வாங்குபவர்கள் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். மீனாட்சி திருக்கல்யாணம், சீதா கல்யாணம் போன்ற பழைய லித்தோ (கல் அச்சு) படங்களுக்கும் இதே முறைதான். அவற்றில் சிலவற்றுக்கு மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படம் எது என்று முதலில் தெரிய வேண்டும்

1863 மார்ச் 7, சனிக்கிழமை. பதினெட்டு வயது அலெக்சாண்ட்ரா, ஆண்ட்வெர்ப்பிலிருந்து அரச கப்பலான ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்’டில் புறப்பட்டு, தேம்ஸ் ஆற்றின் முகப்பை ஒட்டிய கிரேவ்செண்ட் துறையில் இறங்கினார். மாப்பிள்ளை, பட்டத்து இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட், எதிர்கொண்டு அழைத்தார். உள்ளூர்ப் பெண்கள் வழியில் பூத் தூவினார்கள். அங்கிருந்து ரயிலில் லண்டன், லண்டனுக்குள் வண்டி ஊர்வலம், பாடிங்டனிலிருந்து மறுபடி ரயில், கடைசியாக வின்ட்சர். திருமணம் மார்ச் 10 அன்று வின்ட்சர் கோட்டையின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் நடந்தது.

இந்த விவரமெல்லாம் கண்ணாடி போடுவதற்கு எதற்கு என்று கேட்கலாம். அச்சு எந்தக் காலத்தது என்பதைப் படத்தின் அடி வரியும் உள்ளே இருப்பவர்களும்தான் காட்டிக்கொடுப்பார்கள். அச்சின் வயதும் வகையும் தெரிந்தால்தான் காகிதத்தை எப்படித் தொடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

விக்டோரியா மகாராணி கிரேவ்செண்டுக்கு வரவில்லை. கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்த துக்கத்தில் இருந்த அவர் மருமகளை வின்ட்சரில்தான் வரவேற்றார். துறைமேடையில் மகாராணி நிற்கும் படம் கையில் இருந்தால் அது கற்பனைக் காட்சி, அல்லது வேறு நிகழ்ச்சி. இன்னொரு தடயம்: அலெக்சாண்ட்ராவின் தந்தை கிறிஸ்டியன் டென்மார்க் மன்னரானது 1863 நவம்பரில். அடி வரியில் ‘டென்மார்க் மன்னரின் மகள்’ என்று இருந்தால் படம் அதற்குப் பிறகுதான் அச்சாகியிருக்க வேண்டும். ‘ராணி அலெக்சாண்ட்ரா’ என்றிருந்தால் 1901க்குப் பிறகு. ஹென்றி நெல்சன் ஓ’நீல் இந்த வருகையை எண்ணெய் ஓவியமாக முடித்தது 1864இல். அது இப்போது லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது, இன்று விற்கும் புது அச்சுகள் பல அதிலிருந்து எடுத்தவை. வில்லியம் பாவல் ஃப்ரித் வரைந்தது ஆலயத்துக்குள் நடக்கும் திருமணக் காட்சி. விற்பவர்கள் இரண்டையும் குழப்பிச் சொன்னால் ஏமாற வேண்டாம்.

அடி வரியை வாசிக்கும் முறையும் தெரிந்திருக்கட்டும். இடது ஓரத்தில் பெயரும் ‘பின்க்ஸ்ட்’ அல்லது ‘டெல்’ என்ற சுருக்கமும் இருந்தால் அவர் தீட்டியவர் அல்லது வரைந்தவர். வலது ஓரத்தில் ‘ஸ்கல்ப்ட்’ என்றால் தகட்டில் செதுக்கியவர், ‘லித்’ என்றால் கல்லில் எழுதியவர். நடுவில் வெளியிட்டவர் பெயரும் முகவரியும், சில சமயம் தேதியும் இருக்கும். இந்த வரிகளைப் பிரேம் போடும்போது மறைத்துவிடக் கூடாது. மறைந்து போனால் படத்தின் பாதி மதிப்பு போயிற்று.

இனி லென்ஸ். நகைக்கடைக்காரரும் கடிகாரம் பழுது பார்ப்பவரும் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். வானம், முகம் இரண்டு இடத்தையும் பாருங்கள். வரிசை தப்பாத நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடி நின்றால் ஆஃப்செட் அச்சு, அண்மைக் காலத்தது. வரிசையே இல்லாமல் மெல்லத் தெளித்ததுபோல் புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட். ஒழுங்கில்லாத, கிரேயான் கோடு சொரசொரத்த காகிதத்தில் உரசியதுபோன்ற புள்ளிகளும், ஒரு நிறத்தின் ஓரம் அடுத்த நிறத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்பதும் தெரிந்தால் கல் அச்சு, அதாவது குரோமோலித்தோ. 1863 திருமண விழாவுக்காக ராபர்ட் டட்லி வரைந்த காட்சிகளை லண்டன் டே அண்ட் சன் அச்சகம் இந்த முறையில்தான் வெளியிட்டது.

கறுப்புக் கோடுகள் மட்டும் இருந்து, பின்பக்கம் செய்தி எழுத்துகள் இருந்தால் அது அக்கால வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த மர அச்சு. பெரிய படங்களுக்குச் சிறு சிறு மரக்கட்டைகளைச் சேர்த்து முடுக்கித்தான் செதுக்குவார்கள். கட்டை சேர்ந்த இடம் மெல்லிய வெள்ளைக் கோடாகப் படத்தை நேர்க்கோட்டில் கடக்கும். அது கீறல் அல்ல, அழிக்கப் பார்க்காதீர்கள். இந்த வகையில் நிறம் தெரிந்தால், பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ நீர்வண்ணத்தில் தீட்டியது. ஒரு துளி ஈரம் பட்டாலும் கலையும்.

பழைய பிரேமைப் பிரிப்பது

முதலில் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டு, பென்சில் எழுத்து எதையும் விட வேண்டாம்.

மேசையில் சுத்தமான பருத்தி விரிப்பு போட்டு, பிரேமை முகம் கீழாக வையுங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால், கவிழ்ப்பதற்கு முன் விரிசல் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுங்கள். பின்புறப் பழுப்புத் தாளைப் பிளேடால் ஓரத்தை ஒட்டி அறுங்கள். துருப்பிடித்த ஆணிகளை நோஸ் பிளையரால் வந்த வழியே இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே கொடுத்து நெம்பினால் அது வழுக்கிப் படத்தில்தான் போய் இறங்கும்.

பின் பலகையைத் தூக்கியதும் அவசரப்படாமல் படத்தின் முதுகைப் பாருங்கள். பழைய பிரேம்களில் முழு அட்டைக்குப் பதில் மூன்று நான்கு மெல்லிய மரப்பட்டிகள் இருக்கும். பட்டிக்குப் பட்டி உள்ள இடுக்கு வழியே தூசியும் காற்றும் நுழைந்து, படத்தில் இடுக்கு இருந்த இடமெல்லாம் கரும்பழுப்புக் கோடு விழுந்திருக்கும். மரத்தில் முடிச்சு இருந்தால் அதே வட்டம் காகிதத்திலும் பதிந்திருக்கும். மரம் விடும் அமிலம் செய்த வேலை இது. புது மரப்பலகையை ஏன் மறுபடி வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஈரம் பட்டதுபோல் கருத்துப் பளபளக்கும் திட்டுகள் இருந்தால் ஒட்டியிருக்கிறது என்று பொருள். இழுக்கக் கூடாது, பிளேடு விடக் கூடாது, ஆவி காட்டக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே அட்டைப் பெட்டியில் வைத்துப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய இரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. எங்கே காட்டுவது என்று அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

பழைய பிரேமின் மரத்தில் குண்டூசித் தலையளவு துளையும், கீழே மாவு போன்ற மரத்தூளும் இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அந்த பிரேம் வீட்டுக்குள் இருக்க வேண்டாம்.

தூசி எடுப்பது, எங்கே நிறுத்துவது

ஆட்டு மயிரில் செய்த அகலமான மென்மையான பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். பிறகு, கையால் தீட்டிய வண்ணம் இல்லாத படமாக இருந்தால் மட்டும், ரசாயனம் சேராத உலர் ரப்பர் ஸ்பாஞ்ச் கொண்டு ஒற்றி எடுக்கலாம். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். வெள்ளை வினைல் அழிப்பானைத் துருவலில் துருவி, அந்தத் துகளை விரல் நுனியால் உருட்டுவது வெற்று ஓரங்களுக்கு மட்டுமே. பென்சில் எழுத்து பக்கத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

அவ்வளவுதான், இதற்கு மேல் வீட்டில் செய்ய வேண்டாம். பழுப்புப் புள்ளிகளை வெளுக்க பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவுவது, ஈரத்துணியால் துடைப்பது, வெயிலில் காயவைப்பது எல்லாம் அன்றைக்கு நன்றாயிருப்பதுபோல் தெரியும், ஆனால் காகிதத்தின் நார் வலுவிழந்திருக்கும். பழைய செல்லோ டேப்பை தின்னர் தொட்டுக் கழற்றினால், டேப்பின் பசை கரைந்து காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாக நின்றுவிடும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போடுவது. சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காகிதத்தை மீட்க முடியாதபடி பூட்டிவிடும். படம் கிழிந்திருக்கிறது என்று லேமினேஷன் போட நினைப்பவர்கள், தயவுசெய்து அதை இரண்டு சுத்தமான அட்டைகளுக்கு நடுவே அப்படியே வைத்திருங்கள், அதுவே போதும்.

அட்டைதான் எல்லாம்

பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள பிரேம் கடைகளில் வேலை சுத்தமாகவே இருக்கும். சாமி படம், கல்யாண போட்டோ, சான்றிதழ் என்று நாள் முழுக்க அவர்கள் செய்யும் வேலைக்கு அவர்களிடம் இருக்கும் அட்டை போதும். பழைய அச்சுக்கு அது போதாது. சாதாரண மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் சன்னல் வெட்டிப் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, மரக்கூழில் செய்தது. சில ஆண்டுகளில், சன்னலாக வெட்டிய சாய்வான ஓரம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி பழுப்பாகும். அதே பழுப்பு படத்தைச் சுற்றி ஒரு கட்டமாகப் பதியும். பழைய படத்தைப் பிரித்ததும் நான்கு பக்கமும் கட்டம் கட்டியதுபோல் தெரியும் கறை இதுதான்.

ஆகவே, அட்டையை நீங்களே வாங்கிக் கொடுத்து, வெட்டுவதையும் மூலை சேர்ப்பதையும் கடையில் செய்துகொள்வதே நல்ல வழி. பெங்களூரிலும் சென்னையிலும் ஓவியப் பொருள் விற்கும் பெரிய கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மரக்கூழ் அட்டையிலும் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைத் தற்காலிகமாக அடக்கி, அப்படி விற்கிறார்கள். முழுக்கப் பருத்தி நாரில் செய்தது, அல்லது லிக்னின் (காகிதத்தைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) நீக்கியது என்று எழுதியிருக்க வேண்டும். தடிமன் ஏறத்தாழ 1.4 மி.மீ. உள்ளதில் மூன்று தாள்: படத்துக்கு அடியில் ஒன்று, மேலே சன்னல் வெட்ட இரண்டு. சன்னலுக்கு ஏன் இரண்டு என்றால், ஒற்றை அட்டையின் 1.4 மி.மீ. இடைவெளி பெரிய படத்துக்குப் போதாது. மழைக்காலத்தில் காகிதம் கொஞ்சம் உப்பினாலும் கண்ணாடியைத் தொட்டுவிடும்.

இவற்றுக்கும் பின்னால் 5 மி.மீ. அமிலமற்ற ஃபோம் போர்டு அல்லது நெளி அட்டை. செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் பிரேம் மரத்தில் குறையுங்கள், அட்டையில் குறைக்காதீர்கள்.

அளவு எடுப்பது

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம், உங்கள் படத்துக்கு இதே வரிசையில் மாற்றிக்கொள்ளலாம். தாள் 58 × 44 செ.மீ., அதில் காட்சி 50 × 35 செ.மீ. என்று கொள்வோம்.

சன்னல், காட்சியின் ஓரத்தைக் கடிக்கக் கூடாது. இடம், வலம், மேல் மூன்றிலும் 1 செ.மீ. வெற்றுத்தாள் தெரியட்டும். கீழே பெயர் வரிகள் இருப்பதால் 2.5 செ.மீ. ஆகச் சன்னலின் அகலம் 52, உயரம் 38.5. சன்னலைச் சுற்றி அட்டை தெரியும் ஓரம் மேலும் பக்கங்களிலும் 7.5, கீழே மட்டும் 9 செ.மீ. நான்கு பக்கமும் சமமாக வைத்தால், சுவரில் மாட்டிய பிறகு படம் கீழே சரிந்து நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். மொத்த அட்டை அளவு 67 × 55 செ.மீ.

பிரேமின் உள் படி, அதாவது கண்ணாடியும் அட்டையும் உட்காரும் பள்ளம், 67.3 × 55.3 ஆக இருக்க வேண்டும். அந்த 3 மி.மீ. தளர்வைக் கடைக்காரர் ‘ஆடும் சார்’ என்று குறைக்கப் பார்ப்பார். விடாதீர்கள். பங்குனி, சித்திரை வறட்சியில் சுருங்கும் அட்டை ஐப்பசி மழையில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவில் புடைத்துப் படத்தைக் கண்ணாடியில் தள்ளும்.

பீடிங் (பிரேம் செய்யும் சட்டப் பட்டி) எவ்வளவு வாங்குவது? உள் சுற்றளவு 245.2 செ.மீ. நான்கு மூலையையும் 45 டிகிரியில் வெட்டுவதால் பீடிங் அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்ட வேண்டும். 3 செ.மீ. அகலமென்றால் 24 செ.மீ. ஆக 269, சேதாரம் சேர்த்துப் பத்தடி நீளம் ஒன்று சரியாகப் போகும்.

படியின் ஆழத்தை மறந்துவிடுவார்கள். கண்ணாடி 2, சன்னல் அட்டை இரண்டும் 2.8, அடி அட்டை 1.4, பின் அட்டை 5: கூட்டினால் 11.2 மி.மீ. மூடும் தகடு பிடிக்க இடம் சேர்த்து 14 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் ஃபைபர் பீடிங்குகள் பலவற்றில் இது இருக்காது. பிடித்த டிசைனில் ஆழம் குறைவாக இருந்தால், பின்பக்கம் நான்கு ஓரத்திலும் மெல்லிய மர ரீப்பர் ஒட்டி உயர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பசையும் கீலும்

படத்தை அட்டையோடு முழுக்க ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் இரண்டே இரண்டு காகிதக் கீலில் அது தொங்க வேண்டும், பக்கங்களும் கீழும் சும்மா கிடக்க வேண்டும். காகிதம் ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். நான்கு மூலையும் பிடிபட்டிருந்தால் அலையடிக்கும், அல்லது கிழியும்.

கீலுக்கு மெல்லிய ஜப்பான் காகிதம், பசைக்குக் கோதுமை மாச்சத்து. பெவிகால், கம் ஸ்டிக், இருபக்க டேப் எதுவும் ஆகாது. மாச்சத்துத் தூள் கிடைக்காவிட்டால், அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பதுபோலவே எடுத்துக்கொள்ளலாம்: மாவைப் பிசைந்து தண்ணீருக்குள் கசக்கி, பாலை வடிகட்டி, ஓர் இரவு தெளிய விட்டு, மேல் நீரை இறுத்துவிட்டால் அடியில் நிற்கும் வெள்ளைப் படிவுதான் வேண்டியது. மைதாவை அப்படியே காய்ச்சினால் அதிலுள்ள புரதமும் சேர்ந்து வரும், பூச்சிக்கு அது விருந்து. பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். பூச்சி வராதுதான், ஆனால் தாமிரம் காகிதம் மக்குவதை வேகப்படுத்தும். பழைய படத்துக்கு அந்தப் பசை வேண்டாம்.

உலர்ந்த மாச்சத்து 20 கிராமுக்குத் தண்ணீர் 100 மில்லி. அரை மணி நேரம் ஊறவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரத்தை வைத்து, கை விடாமல் இருபது முப்பது நிமிடம் கிளறுங்கள். வெள்ளை நிறம் மங்கி, கண்ணாடித்தன்மை வந்து, கரண்டியில் ஒட்டாமல் மொத்தையாக நழுவி விழும்போது இறக்கலாம். ஆறியபின் மெல்லிய துணி வலையில் இரண்டு முறை தேய்த்து வடிகட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்பெட்டியில் நான்கைந்து நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

கீலைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். வெட்டிய ஓரம் கூர்மையாக நின்று, படத்தின் முன்பக்கம் கோடாகத் தெரியும். ஈரப் பிரஷ்ஷால் கோடு இழுத்து, இரண்டு பக்கமும் பிடித்து மெல்லப் பிய்த்தால் ஓரத்தில் நார் பஞ்சுபோல் நிற்கும், அதுதான் வேண்டும். 25 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளத்தில் இரண்டு. ஒவ்வொன்றின் ஒரு முனையில் 8 மி.மீ. அளவுக்கு மட்டும் பசை தொட்டு, ஒற்றுத்தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு, படத்தின் முதுகில் மேல் ஓரத்தில், மூலையிலிருந்து சுமார் 10 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். பசையில் ஈரம் அதிகமிருந்தால் அந்த இடம் சுருங்கி முன்பக்கம் குழி விழும். இங்கே தவறுபவர்கள்தான் அதிகம். ஒட்டியதும் மேலே ஒற்றுத்தாள், அதன்மேல் கண்ணாடித் துண்டு, சிறு பாரம். பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பிறகு படத்தை முகம் மேலாக அடி அட்டையில் வைத்து, சன்னலை மேலே போட்டு இடம் சரிபார்த்து, சன்னலை எடுத்துவிட்டுக் கீலின் மீதி நீளத்தை அட்டையில் ஒட்டுங்கள். அதன்மேல் குறுக்காக 50 × 25 மி.மீ. துண்டு ஒன்றை, படத்தின் ஓரத்தைத் தொடாமல் ஒட்டினால் கீல் ‘டி’ வடிவில் உறுதியாக நிற்கும். கீல் எப்போதும் படத்தைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். நாளைக்குப் பிரேம் தவறி விழுந்தால் கீல்தான் கிழிய வேண்டும், படம் கிழியக் கூடாது.

படம் மிகச் சிறியது, அல்லது ஓரம் நொறுங்கும் நிலையில் இருக்கிறது என்றால் கீல் வேண்டாம். அமிலமற்ற காகிதத்தை முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் பை போலச் செய்து, 2 மி.மீ. தளர்வோடு செருகி வைக்கலாம்.

கண்ணாடி

67 × 55 செ.மீ. அளவில் 2 மி.மீ. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 1.8 கிலோ இருக்கும், அதே அளவு அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் அதைப் போடுங்கள். கையால் வண்ணம் தீட்டிய படத்துக்கு அது அவசியம் என்றே சொல்லலாம். ஆனால் அதைப் போட்டுவிட்டால் வெயில் படலாம் என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கும். சொரசொரப்பாக அரித்த, பளபளக்காத கண்ணாடி, படத்திலிருந்து தள்ளி நிற்கும்போது காட்சியை மங்கலாக்கிவிடும். மர அச்சின் மெல்லிய கோடுகளுக்கு அது ஒவ்வாது.

துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைத்து, ஒரு மணி நேரம் உலரவிட்ட பிறகே உள்ளே வையுங்கள்.

பிரேமும் மூடுவதும்

விக்டோரியா காலத்து அச்சுக்குக் கறுப்பு அல்லது அடர்பழுப்பு மரம், உள்ளோரத்தில் மெல்லிய தங்கக் கோடு பொருத்தம். அகலமான தங்கப் பூவேலை பிரேம் போட்டால் கண் பிரேமிலேயே நின்றுவிடும், துறைமேடையில் சின்னச் சின்னதாக நிற்கும் முகங்கள் தொலைந்துபோகும். மரமாகப் போடுவதென்றால் பதப்பட்ட தேக்கு நல்லது. நம் பக்கம் மாமரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வண்டு சீக்கிரம் விழும் மரம் அது. எந்த மரமானாலும், அட்டை உட்காரும் படியின் உட்புறத்தில் அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள்.

கண்ணாடி, சன்னல், படம், அடி அட்டை, பின் அட்டை எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, நான்கு ஓரத்தையும் கண்ணாடியின் விளிம்பிலிருந்து பின் அட்டைவரை டேப்பால் சுற்றி மூட வேண்டும். சென்னை–பெங்களூரு சாலையும் சேலம் சாலையும் கூடும் கிருஷ்ணகிரிப் பக்கம், ரோட்டை ஒட்டிய வீட்டில் தூசி எப்படி நுழையும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராமபாணப் பூச்சியும் அதே இடுக்கு வழியாகத்தான் வரும். பிரேமுக்குள் வைத்துச் சுத்தியலால் ஆணி அடித்தால் அதிர்ச்சியில் கீல் விடும். தகடு அழுத்தும் கருவி கடையில் இருக்கும், அதையே கேளுங்கள்.

பூச்சிக்காக வேப்பிலை, வசம்பு, பாச்சை உருண்டை என்று எதையும் உள்ளே வைக்க வேண்டாம். இலை ஈரம் விட்டுக் கறை போடும், உருண்டையின் ஆவி காகிதத்துக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நல்லதல்ல. சிலிகா ஜெல் பொட்டலமும் வேண்டாம், நிரம்பியபின் உறிஞ்சிய ஈரத்தை அதுவே திருப்பிவிடும்.

எங்கே, எப்படி மாட்டுவது

மொத்த எடை நான்கு, நாலரை கிலோ வரும். பிரேமின் பின்பக்கம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு பக்கமும் டி வளையம் திருகி, சுவரில் இரண்டு கொக்கியில் நேராக மாட்டுங்கள். ஒற்றை ஆணியில் நைலான் கயிறு போட்டால் படம் சாயும், கயிறும் நாளடைவில் இற்றுப்போகும்.

செங்கல் சுவருக்கு 6 மி.மீ. துளையும் பிளக்கும் போதும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் சுவரில் ஆணி இறங்காது. ஹேமர் டிரில்லால் கல்லிலேயே துளை போட வேண்டும், இடையிலுள்ள மண் பூச்சில் போட்ட பிளக் ஒரு மாதத்தில் கழன்று வரும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் பொந்துக்குள் விழுந்துவிடும், உள்ளே விரியும் வகை வாங்குங்கள். புதிதாகப் பூசிய சுவரில் ஒரு மழைக்காலம் கழியும்வரை மாட்டவே வேண்டாம்.

படத்தின் நடு, தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவருக்குச் சரியாக இருக்கும். கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டி, சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று ஓட விடுங்கள். மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவர், மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், விளக்கும் கற்பூரமும் ஏற்றும் பூஜை மாடத்துக்கு மேல்: இவை நான்கும் கூடாது. கையால் தீட்டிய படமாக இருந்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் போக வேண்டாம். ஆண்டில் மூன்று நான்கு மாதம் மாட்டி, மீதி நாள் துணி சுற்றி, பீரோவுக்குள் படுக்கையாக வைப்பது இன்னும் நல்லது.

பிறகு பார்க்க வேண்டியது

ஒரு சின்ன ஈரப்பதமானியை அதே சுவரில் வையுங்கள். 40 முதல் 55 சதவீதம் வசதியானது. 65ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். தர்மபுரிச் சமவெளியைவிட, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் ஓசூர், தளிப் பக்கத்து வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மழை நாளில் மின்விசிறி ஓடினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கார்த்திகை கழிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை படத்தை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். கரையான் மண் கோடு, கீழ் ஓரத்தில் மரத்தூள், டேப் விட்ட இடம், கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோல் படலம்: எது தெரிந்தாலும் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் அனாவசியமாகத் திறக்காதீர்கள்.

பின் அட்டையில் ஒரு சீட்டு ஒட்ட மறக்க வேண்டாம். படத்தின் பெயர், அச்சு வகை, தாளின் முழு அளவு, அட்டை என்ன, பசை கோதுமை மாச்சத்து, கீல் இரண்டு மேல் ஓரத்தில், கண்ணாடி வகை, மூடிய மாதமும் ஆண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய பிரேமிலிருந்து எடுத்த கடைச் சீட்டு இருந்தால் அதைப் பாலியஸ்டர் உறையில் போட்டு இதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.